லியோன் பிரித்துக் காட்டிய சொல்

கண்டியில் கச்சேரி என்று சொல்லும் அரசாங்கக் காரியாலயத்துக்குப் போகிற வழியில் நஸீமின் தேத்தண்ணிக் கடை. கடை வாசலில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு பழைய டைப்ரைட்டர், அதற்குப் பின்னால் லியோன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாக்கர் வேலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து அவரைத் தாண்டித்தான் கந்தோருக்குள் போவேன். தேயிலைத் தோட்டங்களிலிருந்து மனு எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் வருகிற சனங்களுக்கு அந்த மனிதர்தான் கதி. ஆங்கிலம் சுத்தமாக எழுதுவார், யாரிடமும் எரிந்துவிழ மாட்டார். ஆனால் ஒரு வியாதி இருந்தது. ஆங்கிலச் சொல் ஒன்று கையில் அகப்பட்டால் அதை லத்தீனில் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்.

அவருடைய தகப்பனார் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் கத்தோலிக்கக் கோயில் உபதேசியாராக இருந்தவர். அந்தக் காலத்தில் பூசை முழுக்க லத்தீன். பூசைக்கு உதவி செய்தே லியோனுக்கு அந்த மொழி வாயில் ஒட்டிக்கொண்டது. பிறகு குருவாவதற்கென்று குருமடத்தில் சேர்ந்து சில வருடம் இலக்கணமும் படித்தார். தகப்பனார் இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு வந்துவிட்டார். கோயிலிலும் பூசை தமிழுக்கு மாறிவிட்டது. படித்த லத்தீனை என்ன செய்வது என்று தெரியாமல் மனிதர் அதை ஆங்கிலச் சொற்களுக்குள் தேடத் தொடங்கினார்.

"ஐயா, எலெக்ஷன்ல நிக்கிறவங்கள கேண்டிடேட்னு சொல்றோமில்ல, அது ஏன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிய விருப்பமும் இல்லை" என்பேன் நான். எனக்கு லத்தீன் என்றால் வைத்தியர் மருந்துத் துண்டில் கிறுக்குவது மட்டும்தான்.

விடமாட்டார். "கேண்டிடுஸ்னா வெள்ளை. ரோமாபுரியில வோட்டு கேக்கப் போறவங்க வெள்ளை வெளேர்னு உடுத்திக்கிட்டுத்தான் தெருவுல எறங்குவாங்களாம். நம்ம ஆளுங்களும் அப்புடித்தானே?"

சிரிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்துவிடுவேன்.

முதன்முதலில் கண்டபோது எங்கள் ஊர் வழக்கப்படி நான் கேட்ட கேள்வி, "உமக்குச் சொந்த இடம் எது?" என்பதுதான். "மடுல்கெல்லங்க" என்றார். "அது சரி, அதுக்கு முந்தி?" என்றேன். "அதுக்கு முந்தி தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு டைப்ரைட்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சொற்களுக்கெல்லாம் பூர்வீகம் தேடுகிற மனுசனுக்குத் தன் பூர்வீகம் தெரியவில்லையே என்று அன்றைக்கு உள்ளுக்குள் நகைத்தேன். இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

கிறேஸ் அவரிடம் வந்தது ஒரு தண்ணீர்ச் சண்டையால். மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கியிருக்கும் இடத்தைத் தோட்டத்தில் பீலி என்பார்கள். மடுல்கெல்லப் பக்கம் கிறேஸ் இருந்த தோட்டத்தில் இரண்டு லயத்துக்கு, அதாவது இரண்டு வரிசை வீடுகளுக்கு, ஒரே பீலி. யார் முதலில் குடம் வைப்பது என்று நாள்தோறும் மயிரைப் பிடிக்காத குறை. கிறேஸ் கண்டியில் கன்னியாஸ்திரிகளின் மடத்தில் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலு எழுத்துத் தெரிந்தவள் என்று, இன்னொரு பீலி கேட்டுத் தோட்டத்துத் துரைக்கு மனு எழுதுகிற பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். தேத்தண்ணி குடிக்கப் போன நானும் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

"எதிராளின்னு எழுதணும், இங்கிலீசுல என்னான்னு போடுவீங்க?" என்றாள்.

"றைவல்னு போடலாம்." லியோனின் முகம் மலர்ந்தது. ஆரம்பித்துவிட்டார் என்று நான் நெற்றியைத் தேய்த்தேன். "றீவுஸ்னா லத்தீன்ல ஓடை. ஒரே ஓடையில தண்ணி எடுக்கிறவங்க றைவல்."

கிறேஸ் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப எங்க பீலிச் சண்டை ரோமாபுரியிலயே இருந்திச்சா? எங்க லயத்துப் பொம்பளைங்கதான் மோசம்னு இவ்வளவு நாளா நெனைச்சுக்கிட்டு இருந்தேனே!"

அவருடைய சொல்லாராய்ச்சிக்கு யாராவது அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. நான் சிரித்ததெல்லாம் அரைச் சிரிப்பு. மனு டைப் ஆகி முடிந்தது, பீலியும் வந்தது. அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் மடத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் கிறேஸ் அந்த மேசைக்கு வந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். "இந்தக் கெழமை என்னா சொல்லு?" என்று கேட்பாள். லியோன் வாரம் முழுவதும் ஒரு சொல்லைத் தயார் பண்ணி வைத்திருப்பார். ஆணும் பெண்ணும் காதலிக்க எத்தனையோ வழி இருக்க, இந்த இரண்டு பேரும் அகராதியைப் பிடித்துக்கொண்டு காதலித்தார்கள்.

கிறேஸின் தாய் அந்தோனியம்மா இறந்து தோட்டத்து மயானத்தில்தான் கிடக்கிறாள். தகப்பன் மனுவேல் தேயிலை ஸ்டோரில் வேலை. பேசாத, நல்ல மனிதர். வீட்டில் அவளும் அவருமாக இரண்டே பேர். கலியாணப் பேச்சு முடிந்து, நிச்சயமும் ஆயிற்று. அடுத்த ஈஸ்டர் கழித்துக் கலியாணம் என்று முடிவானது.

அதற்குள் எண்பத்து மூன்று ஆடி வந்தது. கண்டித் தெருக்களில் தமிழருடைய கடைகள் எரிந்தன. என்னை என்னோடு வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர் தன் வீட்டு உள்ளறையில் வைத்துக் காத்தார். லியோனையும் டைப்ரைட்டரையும் நஸீம் மடவளைக்குக் கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மடுல்கெல்லயில் கிறேஸும் தகப்பனும் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்து தங்கள் லயம் எரிவதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மனுவேல் முன்னைவிடக் குறைவாகப் பேசினார்.

நாட்டில் பிறந்தும் பிரசையாகாத தோட்டச் சனங்களை இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் பங்கு பிரித்துக்கொண்ட காலத்தில், லயத்தில் எல்லாரும் இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்தார்கள் என்று மனுவேலும் எழுதிக் கொடுத்திருந்தார். கிறேஸ் அப்போது பாவாடை கட்டிய சிறுமி. அவள் பெயரும் தகப்பனின் பெயரோடு போய்விட்டது. லியோன் தன் பங்குக்கு இலங்கைப் பிரசையாகப் பதிந்துகொண்டவர். மனுவேலின் விண்ணப்பம் எங்கோ தூங்கிக் கிடந்து, கலவரத்துக்கு அடுத்த வருடம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கண் விழித்தது. பயணத்துக்குத் தயாராகும்படி காகிதம் வந்தது. போகலாம், போகாமல் இழுத்தடிக்கவும் செய்யலாம். இழுத்தடித்தே காலத்தை ஓட்டியவர்கள் எத்தனையோ பேர்.

மனுவேல் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். நானும் நஸீமும் இருந்தோம்.

"மாப்பிள, போறதா வேணாமான்னே தெரியல. இங்கதான் அந்தோனியம்மா கெடக்குறா. ஒங்க கல்யாணமும் இருக்கு. இந்தா, மேல பெருசா போட்டிருக்கானே, அது என்னா சொல்லு?"

இந்தியாவுக்கு அனுப்புறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கேட்டது வருங்கால மாமனார், கேட்டதோ ஒரு சொல்லின் அர்த்தம். லியோன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரீபேட்ரியேஷன், மாமா. அருமையான சொல்லு. பாத்தேர்னா லத்தீன்ல அப்பா. பாத்ரியான்னா அப்பா மண்ணு. முன்னுக்கு இருக்கிற ரீ திரும்புறது. சேத்துப் பாத்தா, அப்பாவோட மண்ணுக்குத் திரும்பிப் போறது."

மனுவேல் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து மெல்லத் தடவினார். அவருடைய கண் கலங்கியதை நான் கண்டேன்.

"அப்புடியா எழுதியிருக்கான்?" என்றார். "எங்கப்பன் முசிறிப் பக்கம்னு சொல்லிக்கிட்டே செத்தாரு. காவேரி, வாழைத்தோட்டம்னு ஒரே புலம்பல். ஒருநாளும் போகல. இங்க நம்மள வெரட்டுறானுங்கன்னு நெனைச்சேன் மாப்பிள. அப்பன் மண்ணுக்குத் திரும்பிப் போன்னு மரியாதையாத்தான் எழுதியிருக்கான்."

காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அப்ப போவோம்" என்றார்.

லியோனின் கை டைப்ரைட்டரில் அப்படியே நின்றது. "மாமா, அது சும்மா சொல்லு மாமா..." என்று தொடங்கினார். மனுவேல் எழுந்து போய்விட்டார். நஸீம் என்னைப் பார்த்தார், நான் நஸீமைப் பார்த்தேன். சில வேளைகளில் ஒரு மனுசனின் வாயைப் பொத்திவிட வேண்டும் என்று தோன்றும், தோன்றும்போது காலம் கடந்திருக்கும்.

தகப்பனைத் தனியே அனுப்பிவிட்டு இருக்க கிறேஸால் முடியாது. உடனே கலியாணத்தை முடித்துக்கொள்ளலாம் என்றால் தவக்காலம், கோயிலில் கலியாணம் கிடையாது. ஆயரிடம் போய்க் கேட்டால் விலக்குத் தந்திருப்பார். உபதேசியார் மகன் தவக்காலத்தில் கலியாணம் பண்ணினான் என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? லியோன் கேட்கவில்லை. ஈஸ்டர் கழித்து அங்கே போய்க் கட்டிக்கொள்வேன் என்றார். நான் சைவக்காரன், எனக்கு இந்த விசயமெல்லாம் விளங்காது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கண்டி ஸ்டேசனிலிருந்து, இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் புறப்படுகிற அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று சனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். ஏற்றப் போன நான் அந்தப் பெயர் எவ்வளவு சரி என்று கண்டேன். பெட்டிக்குள் இருந்தவர்களும் பிளாட்பாரத்தில் நின்றவர்களும் ஒரே குரலில் அழுதார்கள். மனுவேல் மட்டும் அழவில்லை. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநாளுக்குப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

கிறேஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு லியோனைப் பார்த்தாள். அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"அந்த சொல்ல இனி யாருக்கும் பிரிச்சுக் காட்டாதீங்க."

கோபமா துக்கமா என்று தெரியாத குரல். கோச்சி நகர்ந்தது. லியோன் கையைக்கூட அசைக்கவில்லை.

ஈஸ்டர் போயிற்று. லியோன் கடவுச்சீட்டுக்கு எழுதிப்போட்டார். அது கைக்கு வரத் தாமதமானது. அந்த வருடமே யுத்தத்தால் கப்பலும் நின்றுபோனது. பிறகு ஒருநாள் ஆமிக்காரர் சுற்றிவளைத்து லியோனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எதற்கென்று யாருக்கும் தெரியாது. தமிழ் இளைஞன், தனி ஆள், இந்தியாவிலிருந்து கடிதம் வருகிறது, இவ்வளவும் போதாதா? மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு மெலிந்து வெளியே வந்தார். அவர்கள் பறித்த கடவுச்சீட்டு திரும்பிக் கிடைக்கவில்லை. தெருவோரங்களில், அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய சிங்கள இளைஞர்களின் பிணங்கள் கிடந்த காலமும் வந்து போனது. கண்டியில் நாங்கள் எல்லாரும் குனிந்த தலையோடு நடக்கப் பழகினோம்.

கிறேஸின் கடிதங்களில் முதலில் "எப்ப வருவீங்க?" என்று இருந்தது. பிறகு "சுகமா இருக்கீங்களா?" என்றாயிற்று. லியோன் கல்யாணம் கட்டவில்லை. யாராவது பெண் பேச வந்தால், "நிச்சயம் ஆனவங்க" என்பார். மேசையும் டைப்ரைட்டரும் பழைய இடத்திலேயே இருந்தன. ஆனால் சொற்களைப் பிரித்துக் காட்டுவது நின்றுபோனது. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று யாராவது கேட்டால், "டிக்ஷனரியில பாருங்க" என்பார். சனிக்கிழமைகளில் மட்டும் பஸ் நேரத்துக்கு எழுந்து தெருவைப் பார்த்துவிட்டு உட்காருவார். எனக்கு அவருடைய லத்தீன் இல்லாமல் தேத்தண்ணி இறங்கவில்லை. இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

பென்ஷன் எடுத்த பிறகு, திருச்சியில் போய் அடைக்கலமாயிருந்த என் மகளைப் பார்க்க இந்தியா போனேன். லியோன் கேட்டுக்கொண்டபடி, கிறேஸ் குடியேறியிருந்த கோத்தகிரிக்கும் பஸ் ஏறினேன். அங்கேயும் தேயிலை, அங்கேயும் குளிர். "சிலோன்காரங்க வீடு" என்று கேட்டேன். கை காட்டினார்கள்.

கிறேஸ் தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "அவங்க எப்புடி இருக்காங்க?" இரண்டாவதாகக் கேட்டது, "இப்பவும் சொல்லு பிரிக்கிறாங்களா?"

"இல்லைப் பிள்ளை, நிப்பாட்டிவிட்டார்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மனுவேல் இறந்துவிட்டார். வந்த புதிதில் முசிறிப் பக்கம் போய்த் தகப்பனின் ஊரைத் தேடிப் பிடித்தாராம். தெருவில் நின்று பெயர் சொல்லி விசாரித்தாராம். யாருக்கும் தெரியவில்லை. "நீங்க எந்த ஊரு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மனுவேல் யோசிக்காமல் "மடுல்கெல்ல" என்றிருக்கிறார். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

"கடைசியா அம்மா பக்கத்துல கொண்டுபோய்ப் போடுன்னாரு. எங்க கொண்டு போறது?" என்றாள் கிறேஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஐயா, அவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க. எங்கப்பாவுக்கு அவரோட அப்பா மண்ணு முசிறி, சரி. எனக்கு? எங்கப்பா பொறந்து வளந்ததெல்லாம் மடுல்கெல்லயில. அப்ப அந்த சொல்லுப்படி பாத்தா நான் எங்க திரும்பிப் போவணும்?"

கண்டிக்கு வந்ததும் வராததுமாக லியோனிடம் அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு டைப்ரைட்டர்மேல் தலையைச் சாய்த்து அழுதார், பட்டப்பகலில், தெருப் பார்க்க. "சரியாத்தான் கேட்டிருக்கா. என்னைவிட அவதான் ஒழுங்கா பிரிச்சிருக்கா" என்றார்.

அன்றைக்கே ஒரு விண்ணப்பம் டைப் பண்ணினார். கிறேஸ் இங்கே வந்து தங்குவதற்கு, கொழும்புக் குடிவரவுக் கந்தோருக்கு. என்ன காரணம் என்ற இடத்தில் அந்தப் பழைய சொல்லையே போட்டார். ரீபேட்ரியேஷன்.

திரும்பி வந்தது. இந்தியப் பிரசைக்கு அப்படி ஒரு வகை இல்லை, பார்வையிட வருவதானால் விசிட் என்று விண்ணப்பிக்கவும் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். லியோன் மறுபடி அதே சொல்லைப் போட்டு அனுப்பினார். மறுபடி திரும்பியது. தலதா மாளிகையில் குண்டு வெடித்து, தமிழன் ஒருவன் கண்டித் தெருவில் நடந்தாலே நிறுத்திக் கேள்வி கேட்ட நாட்களிலும் அதே சொல்லைத்தான் அனுப்பினார். வருடங்கள் போயின. யுத்த நிறுத்தம் வந்தது. வெளிநாடு போனவர்களெல்லாம் ஊர் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். லியோன் திரும்பி வந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதுத் தாளை டைப்ரைட்டரில் ஏற்றினார். எட்டிப் பார்த்தேன். அதே சொல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உமக்கு விசரே?" என்று கத்தினேன். நஸீம் கடைக்குள்ளிருந்து ஓடிவந்தார். "விசிட் எண்டு போட்டால் அந்தப் பிள்ளை வந்திருப்பாளே! எத்தனை வருசமாய் இதையே அனுப்புறீர்! முந்தியும் இந்தச் சொல்லாலைதான் அவளைப் போக்கடிச்சீர், இப்பவும் இதாலைதான் வராமல் பண்ணுறீர். உமக்குச் சொல் பெரிசோ, அவள் பெரிசோ?"

"கெதியா அத மாத்துங்க லியோன் தம்பி" என்றார் நஸீம். "வயசு போய்க்கிட்டு ஈக்கி."

லியோன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிபட்ட முகம். "விசிட்னு போட்டா அவளை விருந்தாளின்னு நானே சொல்ற மாதிரி ஆகுங்களே ஐயா. அது அவ மண்ணு. விருந்தாளின்னு எந்தக் கையால அடிப்பேன்?"

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லியோன் திரும்பி வந்த காகிதத்தை இன்னொரு முறை வாசித்தார். பிறகு தாளை உருவி எடுத்துக் கசக்கினார், புதிதாக ஒன்றை ஏற்றினார். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார், புதிதாகப் பழகுகிறவர் மாதிரி. விசிட். அடித்து முடித்து அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருடங்களில் முதல்தடவையாக ஒரு சொல்லைப் பிரிக்க அவருடைய உதடு அசைந்தது.

"விதேரேன்னா பாக்குறது, ஐயா. வீஸித்தாரேன்னா போய்ப் பாக்குறது. இது அதுலருந்து வந்த சொல்லு. அம்புட்டுத்தான். இதுல திரும்புறதும் இல்ல, அப்பா மண்ணும் இல்ல. பாக்குறது மட்டுந்தான் இருக்கு."

"அது போதாதோ?" என்றேன். என் குரல் தணிந்துவிட்டது.

"போதுங்க" என்றார்.

கிறேஸ் வந்தாள். ஒரு மாத விசா. அதற்குப் பிறகு போயாக வேண்டும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஸ்டேசனிலிருந்து நேரே நஸீமின் கடைக்குத்தான் வந்தாள். ஒரு சனிக்கிழமை. நாளைக்கு மடுல்கெல்லவுக்குப் போய் அந்தோனியம்மாவின் கல்லறையைத் துப்புரவாக்குவது என்று பேசிக்கொண்டார்கள். பிறகு பேச்சு நின்றது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். நஸீம் வைத்த தேத்தண்ணி இருவருக்கும் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

எனக்கே பொறுக்கவில்லை. ஏதாவது சொல்லேன், மனுசா, என்று மனதுக்குள் திட்டினேன்.

கிறேஸ்தான் கேட்டாள். "இந்தக் கெழமை என்னா சொல்லு?"

லியோன் தலையை ஆட்டினார்.

"இப்ப வேணாம் கிறேஸ். பாத்துக்கிட்டு இருக்கேன்."